கொட்டை எடுத்த புளி

யாருடைய முதுகுக்குப் பின்னால் போவதானாலும் நான் இருமிவிட்டுத்தான் போவேன். சளி இல்லை, இழுப்பு இல்லை, வேறு எந்த நோயும் இல்லை. வேலை செய்த இடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எங்கள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மேரி அக்கா, நீங்க இருமுற சத்தம் கேட்டாலே பிள்ளைங்க போனத் திருப்பி வச்சிர்றாங்க. அது என்னக்கா அப்பிடி ஒரு இருமல்?"

"அடியே, திருப்பி வைக்கிறதுக்குத்தானே இருமுறதே!" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். இது சிரிக்கிற விஷயமில்லை என்று சொல்லப் போய், ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னதை எழுதியும் தாருங்கள் என்று கேட்டார்கள். அதனால்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. இதைப் படித்துவிட்டு யாரும் மேரி அக்கா தைரியசாலி என்று சொல்லித் திரிய வேண்டாம். கண்டி மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவள் நான். எண்பத்து மூன்றில் அந்தப் பெரிய கலவரம் நடந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை. அடுத்த தெருவில் புகை எழும்பினதைப் பார்த்ததும் அப்பா முதலில் செய்த வேலை, வீட்டுக் கதவில் தன் பெயரை ஆசை ஆசையாக எழுதி மாட்டியிருந்த பலகையைக் கழற்றினதுதான். "பேர் தெரிஞ்சாத்தானே தேடி வருவான்" என்றார். ஆணியைப் பிடுங்க நேரமில்லாமல் கையாலேயே இழுத்ததில் விரல் கிழிந்துவிட்டது. பலகை கட்டிலுக்குக் கீழே போனது. கலவரம் ஓய்ந்த பிறகும் அது வெளியே வரவில்லை. எங்களைக் காட்டிக்கொடுக்க யாரும் இருந்தார்களோ இல்லையோ, அந்த நாளிலிருந்து ஒரு ஆளின் பெயர் என்பது பத்திரமாக வைக்க வேண்டிய சாமான் என்பது எனக்குள் இறங்கிவிட்டது.

படிப்பு, டைப்ரைட்டிங், கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் வகுப்பு என்று அலைந்ததையெல்லாம் விட்டுவிடுகிறேன். கண்டி டவுனில், சந்தைக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்கு கோல் எடுக்க பூத், ஃபேக்ஸ், போட்டோகொப்பி. பிறகு இன்டர்நெட் வந்ததும் நாலு கம்ப்யூட்டர். முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம்.

ஹாஜியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். மற்றக் கடைகளில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் காசாளருக்குத் தெரிகிற மாதிரி வைத்திருப்பார்கள், யார் என்ன பார்க்கிறார்கள் என்று கண்காணிக்க. இவர் தச்சனைக் கூட்டி வந்து பலகை அடைப்புப் போட்டு, தனக்கே தெரியாத மாதிரித் திருப்பி வைத்தார். நான் சேர்ந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்:

"மேரி, மனிசண்ட முதுகுக்குப் பொறகால போகக்குள்ள இருமிட்டுப் போ. மத்தவண்ட சாமான நாங்க பாக்கக் கூடாது. பாத்தாத்தானே ஒருத்தன் கேக்கக்குள்ள சொல்ல வரும்? பாக்காட்டி சொல்றதுக்கு ஒண்டும் இல்ல. விளங்கினா?"

விளங்கியது. அப்பாவின் பலகைதான் இது, வேறு ஆளின் வாயிலிருந்து வருகிறது.

ஒருவர் எழும்பிப் போகிற நேரத்தில் நான் செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன. முதலாவது, அவர் எழும்புவதற்கு முன்னாலேயே, திரையைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு, "மெயிலில இருந்து வெளியே வந்திட்டீங்களா?" என்று கேட்பது. மூலையில் இருக்கிற பெருக்கல் அடையாளத்தை அமுக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "கதவச் சாத்துறது வேற, பூட்டுறது வேற" என்பார் ஹாஜியார். சைன் அவுட் என்பதுதான் பூட்டு. அதைவிட்டுச் சும்மா சாத்தினால், அடுத்ததாக உட்காருகிற ஆள் அதே இடத்துக்குப் போனவுடன் பழைய ஆளின் பெட்டி மலர்ந்துகொண்டு வந்து நிற்கும்.

இரண்டாவது, அந்தச் சின்னக் கட்டம். 'என்னை ஞாபகம் வைத்துக்கொள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எங்கள் சனம் அதில் கட்டாயம் சரி போடும். போடாவிட்டால் கொம்பனி தங்களை மறந்துவிடும், மெயில் வராது என்று பயம்! "அது உங்கள ஞாபகம் வைக்கிறது கொம்பனி இல்ல, இந்தப் பெட்டி. நாளைக்கு இதில உக்கார்றவங்களுக்கும் உங்கள ஞாபகப்படுத்தும்" என்று தொண்டை வறளச் சொல்வேன். கேட்டுக்கொண்டே சரி போடுவார்கள். பாஸ்வேர்டை அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிக்கிறவர்களும் இருந்தார்கள். பாதிப் பேருக்கு அது மாதாவின் பெயர், மீதிப் பேருக்குப் பிள்ளையின் பெயர். நான் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

மூன்றாவது, பார்த்த இடங்களின் தடயத்தை அழிப்பது. அதில் குக்கீஸ் என்று ஒன்று. நான் பிஸ்கட் என்று நினைத்து முழித்தேன். ஹாஜியார் சிரிக்காமல் சொன்னார், "பிஸ்கட் திண்டா துகள் சிந்துது தானே? அந்தத் துகளப் பாத்து ஆரு வந்து போன எண்டு எறும்புக்குத் தெரியும். தொடச்சி வை." வீணாய்ப்போன பிரின்ட் தாள்களை அவரே வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போடுவார். குப்பைக்காரனுக்குக் கூடக் கொடுக்கமாட்டார்.

அந்தக் காலத்தின் பயத்தை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கவைப்பது என்று தெரியவில்லை. நகரத்துக்குள்ளேயே குண்டு வெடித்த பிறகு பார்க்கிற இடமெல்லாம் செக்பொயின்ட். போர்டிங்கில் தங்கினால் பொலிசில் பதிய வேண்டும். பஸ் ஏறுவதற்கு முன் பொட்டை அழித்துக்கொள்கிற பெண்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஐடென்டிட்டி கார்ட்டை எடுத்துக்கொண்டோமா என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கைப்பையைத் தடவினேன் என்று எனக்கே கணக்கில்லை. பூத்துக்குள்ளே யாழ்ப்பாணத்து ஐயாமார் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேசுவது வெளியே கேட்கும். "இல்லையப்பு, அங்கை நல்ல மழையாம். ஓம், விடாமப் பெய்யுதாம்." அது ஷெல் மழை என்று கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். போனில் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த சனம், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாயை அவிழ்த்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு ஏது காது என்று நினைத்தார்கள் போல.

இன்னொன்று. எங்கள் கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து இல்லை. ஆகவே எல்லாரும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். அதில் குறில் நெடில் கிடையாது, ல ள கிடையாது. படிக்கிறவர் தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். இதில் இருந்த ஆபத்து அந்தச் சனிக்கிழமை வரைக்கும் என் மண்டையில் ஏறவில்லை.

செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இன்னும் நிரந்தரமாகாத வேலை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி பேராதனை வழியாக டவுனுக்கு வருவாள். வெளிநாட்டில் வேலை செய்த அண்ணனுக்கு எங்கள் கடையில் இருந்துதான் மெயில் போடுவாள். அவளும் அம்மாவும் அந்த அண்ணனும்தான் குடும்பம். அமைதியான பிள்ளை. அன்றைக்குத் துணியில் இறுக்கிக் கட்டின ஒரு பொட்டலத்தோடு வந்தாள். நல்ல பாரம். வலது கையாலேயே தூக்கி வந்து என் மேசைக்குக் கீழே வைத்தாள். இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ அடிபட்ட மாதிரி.

"அக்கா, இத கொஞ்சம் வச்சிருங்க. மெயில் போட்டுட்டு சந்தைக்குப் போய் கருவாடு வாங்கிட்டு வந்து எடுத்துக்குறேன்" என்றாள்.

வைத்துக்கொண்டேன். என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அது ஹாஜியார் கடை வழக்கம். அவள் மெயில் எழுதி முடித்து எழும்பின நேரம் பூத்துக்குள் ஒரு அம்மா லைன் விழவில்லை என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்புவதற்குள் செல்வி கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் கதவைச் சாத்தினாள், பூட்டவில்லை. கட்டத்தில் சரியும் போட்டிருந்தாள்.

அவள் இடத்தில் உடனே வந்து உட்கார்ந்தது ஒரு சிங்கள ஐயா, மஹத்தயா என்போம். எங்கோ கிழக்குப் பக்கம் அரசாங்க வேலை பார்த்தவர், கொஞ்சம் தமிழ் தெரியும். மகனின் சோதனை முடிவு பார்க்க அடிக்கடி வருகிற நல்ல மனுஷன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழும்பினார். முகத்தில் இரத்தம் இல்லை. என்னைப் பார்த்தார், மேசைக்குக் கீழே பார்த்தார், வேகமாக வெளியே போனார். அவரைக் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவருடைய பிள்ளையும் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறது. அவருக்கும் பயம்.

ஜீப் வந்து ஒழுங்கை வாசலில் நின்றபோது ஹாஜியார் இருமினார். ஒரு சார்ஜன், இரண்டு கான்ஸ்டபிள்மார். ஒரு கான்ஸ்டபிளின் தோளில் தொங்கின துவக்கு கதவுச் சட்டத்தில் இடித்தது. எல்லாரையும் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். பூத்துக்குள் கோல் எடுத்துக்கொண்டிருந்தவரைக் கதவைத் திறக்காமல் அப்படியே உள்ளே இருக்கச் சொன்னார்கள். அவர் யாரென்று அப்போதுதான் பார்த்தேன். கலஹாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். காதில் ஒரு சொல் விழுந்தால் அது தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் ஓயும்.

சார்ஜன் நேரே அந்தக் கம்ப்யூட்டருக்குப் போய் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். சிங்களத்தில், "இதை வாசி" என்றார். அத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரின் திரையை நான் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்தேன்.

"Anna, puli kottai eduthachu. Naalaikku Colombo poguthu. Airport-la aal irukku."

ஐயோ, மாதாவே! செல்வி எழுதினது என்ன? அண்ணா, புளி கொட்டை எடுத்தாச்சு, நாளைக்குக் கொழும்பு போகுது, உங்களிடம் கொண்டுவர ஏர்போர்ட்டில் ஆள் இருக்கு. அந்த மஹத்தயா வாசித்தது என்ன? புலி கோட்டையை எடுத்தாச்சு. கோட்டை என்றால் கொழும்புக் கோட்டை. நாளைக்கு கொழும்பு. ஏர்போர்ட்டில் ஆள். எழுத்து ஒன்றுதான். எந்த எழுத்தும் பிழையில்லை.

"புளி, மஹத்தயா! புலி இல்ல, புளி!" என்று கத்தினேன்.

சார்ஜன் என்னை முறைத்தார். அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் அந்தச் சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்ல, நானே என் வாயால் திரும்பத் திரும்ப ஒப்புக்கொள்கிற மாதிரித்தான் அவருக்குக் கேட்டிருக்கும். கான்ஸ்டபிள் துவக்கைக் கையில் சரியாகப் பிடித்துக்கொண்டான்.

"சியம்பலா! சியம்பலா மஹத்தயா!" சிங்களச் சொல் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"சியம்பலா? சியம்பலாவுக்கு யாராவது கம்ப்யூட்டரில் செய்தி அனுப்புவார்களா? இதை எழுதினவள் எங்கே?"

"சந்தைக்கு."

பயந்தவளுக்குக் கண் ஒரு இடத்தில் நிற்காது. என் கண் மேசைக்குக் கீழே போனது. அவர் கண்ணும் கூடவே போனது.

துணிப் பொட்டலம், இறுகக் கட்டினது, பாரமானது, அநாதையாகக் கிடக்கிறது. அந்த நாட்களில் பஸ்ஸில் ஒரு பை தனியாகக் கிடந்தாலே சனம் ஜன்னலால் குதிக்கும். கான்ஸ்டபிள்மார் இரண்டு பேரும் வாசலுக்குப் பின்வாங்கினார்கள். சார்ஜன் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "நீதானே வாங்கி வைத்தாய். நீயே அவிழ்."

மண்டியிட்டேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புளி என்று அவள் என்னிடம் சொன்னாளா? சொல்லவில்லை. அமைதியான பிள்ளை என்கிறோம், அமைதியான பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்தில் என்னென்ன கதை கேட்டோம்! இடது கையை ஏன் அப்படி ஒட்டி வைத்திருந்தாள்? அந்தோனியாரே, என்னைக் காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டு முடிச்சில் விரலை வைத்தேன். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் கிழித்தேன். துணிக்குள் இன்னொரு துணி. அதற்குள் பொலித்தீன். அதைப் பிரித்தேன்.

புளி. கறுத்துப் பளபளவென்று, கொட்டை எடுத்து உப்புப் போட்டு உருட்டின புளி. அந்த வாசம் மூக்கில் ஏறினதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். சார்ஜன் ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னார். அவன் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடி முகத்தைக் கோணினான். சுவரோரம் நின்ற யாரோ ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"மீதி?" என்றார் சார்ஜன். திரையைத் தட்டினார். "கீழே இன்னும் எழுதியிருக்கிறாள். இதில் டாக்டர் என்று இருக்கிறது. அம்மா என்று இருக்கிறது. இது என்ன, katti? எல்லாவற்றையும் சொல். ஒன்று பிசகினாலும் நீயும் அவளும் ஸ்டேஷனுக்கு வரவேண்டியதுதான்."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். அண்ணா, அந்தக் கட்டியைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை, டாக்டர் உடனே எடுத்துவிட வேண்டும் என்கிறார், தெரிந்தால் பெண் பார்க்க வருகிறவர்கள் வரமாட்டார்கள், அம்மா தாங்கமாட்டார், உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று எழுதியிருந்தாள். அவள் இடது கையை ஏன் விலாவோடு ஒட்டி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பூத்துக் கண்ணாடியில் காதை ஒட்டிக்கொண்டு கலஹாக் கடைக்காரர். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் உள்ளதைச் சொன்னால், செல்வி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி அவள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருக்கும். பொய் சொல்லி, சார்ஜனுக்கு அந்தளவு தமிழ் தெரிந்திருந்தால்? புளிக்காக விட்டவர்கள் பொய்க்காகப் பிடிப்பார்கள். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் உடனே திரும்பி வந்தார்கள்? மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹகுரு, மஹத்தயா" என்று என் வாய் சொன்னது.

"ஹகுரு?"

"ஓ. கட்டி என்றால் கருப்பட்டி, பனங்கட்டி, வெல்லக்கட்டி. அண்ணன் அனுப்பின காசில் வாங்கி வைத்திருக்கிறார்கள், அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சீனி வியாதி. டாக்டர் அதை வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் தேடி எடுத்துச் சாப்பிட்டுவிடுவார். அதனால் அண்ணனுக்கு மட்டும் சொல்கிறாள்."

எங்கிருந்து வந்தது அவ்வளவு பொய் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். சார்ஜன் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். கட்டி. டாக்டர். அம்மா. எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் முகம் இளகவில்லை.

எனக்குப் பின்னால் இருமல் கேட்டது. ஹாஜியார். அந்தத் திரை தெரிகிற இடத்தில்தான் அவர் நின்றிருந்தார், அவருக்குத் தமிழும் தெரியும். முடிந்தேன் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நல்ல சிங்களத்தில் சொன்னார், "இவங்கட ஆக்களுக்கு ஒரு கடி ஹகுரு இல்லாட்டி தேத்தண்ணி எறங்காது மஹத்தயா. என்ட உம்மாவும் இப்பிடித்தான், ஒளிச்சி ஒளிச்சித் தின்டே சீனி ஏறி மௌத்தானா." அவர் சொன்னது சிங்களத்தில், ஆனால் இப்படித்தான் என் காதுக்குள் கேட்டது.

அந்த நேரம் பார்த்துக் கருவாட்டுப் பையோடு செல்வி வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எதையெல்லாம் கேட்டாளோ தெரியாது. துவக்கைப் பார்க்கிறாள். அவிழ்ந்து கிடக்கிற புளியைப் பார்க்கிறாள். திரையைப் பார்க்கிறாள். கான்ஸ்டபிள் அவளை உள்ளே இழுத்துவிட்டான்.

"இதை எழுதினது நீயா?" என்றார் சார்ஜன். "சொல், இந்தக் கட்டி என்றால் என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லமுடியாது, உதட்டைக்கூட அசைக்க முடியாது, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹாஜியார் இன்னொரு தடவை இருமினார்.

"ஹகுரு, சார்" என்றாள் செல்வி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "அம்மாவுக்குச் சீனி, சார்."

சார்ஜன் ஒரு பெருமூச்சு விட்டார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அவருக்கும் வேர்த்திருந்தது. "புளியும் கருப்பட்டியும்! இந்தக் குடும்பத்துக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை" என்றார். வாசலில் நின்று திரும்பி, "அடுத்த முறை சியம்பலா என்று எழுது" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜீப் ஒழுங்கையை விட்டுப் போகும்வரை யாரும் சுவரை விட்டு நகரவில்லை.

பூத்துக் கதவைத் திறந்துகொண்டு முதலில் வெளியே வந்தது கடைக்காரர்தான். "என்ன தங்கச்சி, அம்மாவுக்குச் சீனியா? ஒரு வார்த்த சொல்லலியே! நான் பாட்டுக்கு வாராவாரம் சீனி நிறுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன்!"

"யாருக்கும் சொல்லாதீங்கண்ணே" என்றாள் செல்வி.

"சேச்சே, நான் ஏன் சொல்றேன்!"

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து புளியைத் திரும்பக் கட்டினோம். முடிச்சு விழவே இல்லை.

"அக்கா, எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் புளியில் விழுந்தது. அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரவைத்தேன். அவள் கைமேல் என் கையை வைத்து சைன் அவுட் எங்கே என்று காட்டினேன். அந்தக் கட்டத்தில் இருந்த சரியை எடுக்கவைத்தேன். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தடயத்தையெல்லாம் அவள் கையாலேயே அழிக்கவைத்தேன். "இனி உன் வீட்டு விஷயத்த நீ சொல்றவங்களுக்கு மட்டும்தான் தெரியணும், எனக்குக்கூடத் தெரியக்கூடாது" என்றேன். ஹாஜியார் அன்றைக்குக் கடையை வெள்ளெனவே, இருட்டுவதற்கு முன்னாலேயே சாத்தினார். எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தார். கூடவே ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தது. கடித்துக்கொண்டே அழுதோம்.

தோட்டத்தில் நடந்தது வேறு கதை. நாலைந்து நாளில் செல்வியின் அம்மாவுக்கு எந்த வீட்டிலும் இனிப்புத் தேத்தண்ணி கிடைக்கவில்லையாம். கோயில் பொங்கலில் அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் வைத்தார்களாம். கல்லுமாதிரி உடம்போடு இருந்த மனுஷி, எனக்கு என்ன வந்தது என்று ஊரோடு சண்டை போட்டிருக்கிறார். அந்த அம்மாவிடம் நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

இதை எழுதித் தருகிறேன் என்றதும் வகுப்புப் பெண்களில் ஒருத்தி, "அந்த செல்வி டீச்சர் இப்ப எங்கக்கா இருக்காங்க?" என்று கேட்டாள். இருமினேன். அவள் பெயர் செல்வி இல்லை. ஊர் கலஹாவும் இல்லை. தோட்டத்துப் பக்கம் போய் யாரும் விசாரித்துத் திரிய வேண்டாம். புளி மட்டும்தான் உண்மை.

அதற்குப் பிறகு அவள் பல மாதம் கடைக்கு வரவில்லை. சனிக்கிழமைகளில் பஸ் வருகிற நேரம் நான் வாசலைப் பார்ப்பேன். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். கலஹாக் கடைக்காரர் கோல் எடுக்க வரும்போதெல்லாம் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னோடு பேசாமல் நேரே போய் உட்கார்ந்து மெயில் எழுதினாள். எழுதி முடித்து, வெளியே வந்து, தடயத்தை அழித்து, பெட்டி பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை திறக்கப் பார்த்து, அது பாஸ்வேர்ட் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டு எழும்பினாள். கடையில் நல்ல சனம். பூத்துக்கு வெளியே வரிசை. அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, இடது கையைத் தூக்கி என் தோளில் வைத்தாள்.

"அக்கா," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கட்டி எடுத்தாச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் ஆவலோடு தலையை நீட்டினார்.

"பனங்கட்டியோ பிள்ளை? எங்கை எடுத்தனீர்?"

உள்ளேயிருந்து ஹாஜியார் இருமினார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம், அந்த ஐயா பாவம், ஒன்றும் விளங்காமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.